ஆங்கிலத்தில் எந்தச் சொல்லுக்கெல்லாம் முதல் எழுத்து கேபிடல்?

வாக்கியம் கேபிடல் எழுத்தில் தொடங்கும் என்பது தெரியும், நடுவில் வரும் சொற்களில்தான் குழப்பம் என்று கேட்டிருக்கிறீர்கள். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேச்சே இல்லாததால் இந்தக் குழப்பம் நம்மில் பலருக்கு உண்டு.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் எழுதும் கடிதங்களில் மேனேஜர், ரிப்போர்ட், மீட்டிங் எல்லாமே கேபிடலில்தான் இருக்கும். முக்கியமான சொல், மரியாதைக்குரிய பதவி, அதனால் பெரிய எழுத்து என்று நம்பியிருந்தேன். மூத்த சக ஊழியர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து அவற்றை ஒவ்வொன்றாகப் பென்சிலால் சுழித்தார். ஒவ்வொரு சுழிக்கும் ஒரே கேள்விதான் கேட்டார்: "இது பெயரா, வகையா?"

'ரிவர்' என்பது வகை, சின்ன எழுத்து. 'நைல் ரிவர்' என்றால் இரண்டு சொல்லும் சேர்ந்து ஒரே பெயர், இரண்டுக்குமே கேபிடல். 'பிரசிடென்ட் லிங்கன்' என்னும்போது பதவி பெயரோடு ஒட்டிக்கொள்கிறது, கேபிடல். 'ஹி வாஸ் எ பிரசிடென்ட்' என்றால் வெறும் பதவி, சின்ன எழுத்து.

அதிகம் பேர் தடுக்கி விழுவது உறவுச் சொற்களில். 'ஐ ஆஸ்க்டு மதர்' என்பதில் மதருக்கு கேபிடல், 'ஐ ஆஸ்க்டு மை மதர்' என்பதில் கிடையாது. அந்த இடத்தில் 'கமலா' என்று போட்டுப் பாருங்கள். 'ஐ ஆஸ்க்டு கமலா' சரியாக உட்காருகிறது, ஆகவே அங்கே மதர் ஒரு பெயர். 'மை கமலா' இடிக்கிறது, ஆகவே வகை. இந்த ஒரு சோதனை என்னை எத்தனையோ முறை காப்பாற்றியிருக்கிறது.

கிழமைக்கும் மாதத்துக்கும் கேபிடல் உண்டு, சம்மர், விண்டர் போன்ற பருவங்களுக்கு இல்லை. ஹிஸ்டரி, மேத்ஸ் என்ற பாடங்களுக்கு இல்லை, தமிழ், இங்கிலீஷ் என்ற மொழிகளுக்கு உண்டு. ஒரே எழுத்துகளுள்ள சொல்லே இதனால் பொருள் மாறும்: 'polish' என்ற சொல்லில் 'பி' பெரிதானால் போலந்து நாட்டைச் சேர்ந்த என்று பொருள், சின்னதானால் ஷூவுக்குப் போடும் பாலிஷ். 'நான்' என்னும் 'ஐ' எங்கே வந்தாலும் கேபிடல். சாட்டில் பழகிய கை விண்ணப்பத்திலும் அதைச் சின்னதாக எழுதிவிடுகிறது. அனுப்பும் முன் அதை மட்டுமாவது ஒருமுறை தேடித் திருத்துங்கள்.

தலைப்புகளில் முக்கியச் சொற்கள் எல்லாவற்றையும் கேபிடலில் தொடங்கும் பாணியை எடுத்தால், 'ஆஃப்', 'அண்ட்', 'தி' நடுவில் வரும்போது சின்னதாகவே இருக்கும். ஆனால் 'இஸ்' இரண்டே எழுத்தானாலும் வினைச்சொல், அதற்குக் கேபிடல் வேண்டும். முதல் சொல்லை மட்டும் பெரிதாக்கும் பாணியும் சரிதான், இரண்டையும் ஒரே கட்டுரையில் கலக்கக் கூடாது.

பழைய ஆங்கிலப் பக்கங்களைப் பார்த்து 'அங்கே இப்படி இருக்கிறதே' என்று சிலர் கேட்பார்கள். 1776-இல் வந்த அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தின் கையெழுத்துப் படியில் 'லைஃப்', 'லிபர்ட்டி', 'ஹேப்பினெஸ்' கேபிடலில் இருக்கின்றன, அதே வரியில் 'பர்சூட்' சின்ன எழுத்தில். பெயர்ச்சொற்களைப் பெரிதாக்கும் வழக்கம் அன்று பரவலாக இருந்தது, பிறகு ஆங்கிலம் அதைக் கைவிட்டது. ஜெர்மன் மொழி இன்றும் எல்லாப் பெயர்ச்சொல்லுக்கும் கேபிடல் போடுகிறது.

சந்தேகம் வந்தால் அகராதியைத் திறங்கள். அந்தச் சொல் அங்கே எப்படித் தொடங்குகிறதோ, வாக்கியத்தின் நடுவிலும் பெரும்பாலும் அப்படியே எழுதலாம்.