உலகக்கோப்பைத் தகுதிச்சுற்றுக்குப் பணம் கட்டிப் பையனைச் சேர்க்க முடியுமா?

கோபிசெட்டிபாளையம் பக்கத்திலிருந்து ஒரு அப்பா எழுதியிருக்கிறார். மகன் ஒன்பதாவது படிக்கிறான், கால்பந்தில் இடதுகால் விங்கர், அதாவது பக்கக்கோட்டை ஒட்டி ஓடித் தாக்கும் ஆட்டக்காரன். ஊர் மைதானத்துக்கு வந்த ஒருவர், "பதினேழு வயசு உலகக்கோப்பைத் தகுதிச்சுற்றுக்கு ஆள் எடுக்கறோமுங்க, முப்பத்தஞ்சாயிரம் கட்டுனீங்கன்னா கேம்ப்புல பேரைச் சேர்த்தறலாம்" என்றாராம். இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பையன் உண்மையில் பிறந்தது 2013 ஜனவரி. ஒரு வருசம் முன்னாடியே ஒன்றாம் வகுப்பில் உட்கார வைக்க, பள்ளியில் 2012 மே என்று எழுதிவிட்டார்கள். பணம் கட்டலாமா, எந்தத் தேதியைக் கொடுப்பது என்று கேட்கிறார்.

பணம் கட்டாதீங்க. ஒரு ரூபாய்கூட வேண்டாம்.

தகுதிச்சுற்றுக்குப் பேர் கொடுப்பது நாடு. ஆசியாவில் இந்த வயதுக்கு உலகக்கோப்பையின் வாசல் 17 வயதுக்குட்பட்டோர் ஆசியக் கோப்பைதான். அந்த ஆசியக் கோப்பைக்குள் நுழையத்தான் தகுதிச்சுற்று. அதற்கு அணியை அனுப்புவது அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு. அகாடமியோ கிளப்போ பள்ளியோ தன் பங்குக்கு ஒரு பையனை உள்ளே நுழைக்க வழியே கிடையாது. தேசிய அளவிலான இளையோர் லீக்குகளிலும் மாநில அணிகளிலும் நன்றாக ஆடுகிறவர்களைப் பார்த்துத்தான் பயிற்சி முகாமுக்குக் கூப்பிடுவார்கள். அதிலும் 2026 ஆசியக் கோப்பை 2009-லும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்கானது. ஆடுகிறவர்களில் பெரும்பாலோர் பதினாறு, பதினேழு வயதுக்காரர்கள். உங்கள் பையனுக்குப் பதிமூன்று. அந்த மனிதர் சொன்னதில் உண்மை இல்லை என்பதற்கு இதுவே போதும்.

தகுதிச்சுற்று எப்படி நடக்கிறது என்று பையனுக்கும் சொல்லுங்கள், அவன் பார்க்கும் ஆட்டத்துக்கு அர்த்தம் கூடும். 2026 ஆசியக் கோப்பையில் 16 இடம். 2025-ல் கத்தாரில் உலகக்கோப்பை ஆடிய ஒன்பது ஆசிய அணிகளுக்கு நேரடி இடம் போய்விட்டது. மீதி ஏழு இடத்துக்கு 38 நாடுகள், ஏழு பிரிவுகள். பிரிவில் முதலிடம் வந்தால்தான் உள்ளே, இரண்டாமிடத்துக்கு ஒன்றும் இல்லை.

இந்தியா ஆடிய பிரிவு 2025 நவம்பர் 22 முதல் 30 வரை அகமதாபாத்தில் நடந்தது. ஐந்து அணிகள், ஒன்பது நாளில் ஆளுக்கு நாலு ஆட்டம். பாலஸ்தீனத்தோடு 1-1, சீன தைபேயை 3-1 என்று வென்றோம், லெபனானிடம் 0-2 என்று தோற்றோம். கடைசி நாளில் ஈரானுக்கு 7 புள்ளி, நமக்கு 4. அவர்களுக்கு டிரா போதும். முதல் கோலும் அவர்களே போட்டார்கள். இடைவேளைக்குச் சற்றுமுன் பெனால்டியில் சமன் செய்து, இரண்டாம் பாதியில் இன்னொன்று போட்டு 2-1 என்று வென்றோம். இப்போது இரண்டு பேருக்கும் 7 புள்ளி. இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். ஆசியப் போட்டிகளில் புள்ளி சமமானால் முதலில் பார்ப்பது மொத்த கோல் வித்தியாசத்தை அல்ல, அந்த இரண்டு அணிகளும் தங்களுக்குள் மோதிய ஆட்டத்தை. அதில் ஜெயித்தது நாம், அதனால் பிரிவில் முதலிடம் நமக்கு. ஓராண்டு முன்பு, 2024 அக்டோபரில், புருனேயை 13-0 என்று அடித்தும் தாய்லாந்திடம் 2-3 என்று தோற்றதால் வெளியே வந்தோம். சின்ன அணியிடம் கோல் குவிப்பதைவிடப் பெரிய அணியிடம் தோற்காமல் இருப்பது எவ்வளவு முக்கியம் என்பதை இந்த இரண்டு ஆண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பையனுக்கே புரிந்துவிடும்.

அடுத்து பிறந்த தேதி. உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது இதுதான்.

நம் பக்கம் ஜூனில் பள்ளி சேர்க்க வேண்டுமென்று மே மாதத்தில் பிறந்ததாக எழுதுவது தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. கால்பந்தில் வயதை ஜனவரி 1-ஐ வைத்து எண்ணுகிறார்கள். 2025 போட்டிக்கு 2008 முதல் பிறந்தவர்கள், 2026-க்கு 2009 முதல் பிறந்தவர்கள் என்று ஆண்டுக்கு ஆண்டு நகரும் இந்தக் கணக்கு தொடர்ந்தால், 2012-ல் பிறந்தவனுக்குக் கடைசி வாய்ப்பு 2029. 2013-ல் பிறந்தவனுக்கு 2030. பள்ளியில் எழுதிய பொய்த் தேதி உங்கள் பையனிடமிருந்து ஒரு முழு ஆண்டைப் பிடுங்குகிறது. மாவட்ட, மாநிலப் போட்டிகளிலும் தன்னைவிட ஒரு வயது மூத்தவர்களோடு மோத வேண்டிவரும். அந்த வயதில் ஒரு வருசம் என்பது தோள்பட்டை அகலம். சான்றிதழில் ஒரு தேதி, ஆதாரில் இன்னொன்று என்றிருந்தால் பதிவே நின்றுபோகும்.

ஸ்கேன் எடுத்தால் உண்மை வயது தெரியுமே என்று நினைக்காதீர்கள். 17 வயதுக்குட்பட்ட ஆண்கள் போட்டிகளில் மணிக்கட்டை எம்.ஆர்.ஐ. எடுக்கிறார்கள். 2009 நைஜீரியா உலகக்கோப்பையில் ஃபிஃபா இதைக் கொண்டுவந்தது. கட்டைவிரல் பக்கத்து முன்கை எலும்பின் நுனியில் வளர்ச்சித் தகடு ஒன்று இருக்கிறது. அது மூடிக்கொண்டே வருவதை ஆறு படிகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஆறாம் படி, அதாவது முழுக்க ஒட்டிப்போயிருந்தால், ஆட முடியாது. வயது கூடியவரை வெளியேற்ற அது உதவும், 2012-ஆ 2013-ஆ என்று சொல்லாது. அதைச் சொல்ல வேண்டியது உங்கள் கையிலிருக்கும் காகிதம்.

இனி வழி. கோபி ஈரோடு மாவட்டம். அங்கே மாவட்டக் கால்பந்து சங்கத்தில் பதிவான கிளப்பில் பையனைச் சேர்த்து, கூட்டமைப்பின் சி.ஆர்.எஸ். எனும் ஆட்டக்காரர் பதிவு முறையில் எண் வாங்குங்கள். பள்ளி அணி சுப்ரதோ கோப்பைக்குப் போகிறதா என்று உடற்கல்வி ஆசிரியரைக் கேளுங்கள். 1960 முதல் பள்ளி அணிகளுக்கு நடக்கும் அகில இந்தியப் போட்டி அது. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதிகளுக்குப் பதினோராம் வகுப்புச் சேர்க்கையும் உண்டு, தங்குமிடம் சாப்பாடு இலவசம். கோவை நேரு ஸ்டேடியத்தில் 2019 மார்ச்சில் சென்னை சிட்டி அணி ஐ-லீக் பட்டம் வென்றபோது கேலரியில் எழுந்த சத்தத்தைக் கேட்டவர்கள், நம் ஊருக்குக் கால்பந்து வராது என்று சொல்ல மாட்டார்கள்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன். ராத்திரி லைட் வெளிச்சத்தில் டர்ஃபில் ஐந்து பேர் ஆட்டம் ஆடுவது சந்தோசம்தான், ஆனால் அதில் ஒரு விங்கர் உருவாக மாட்டான். பக்கக்கோட்டை ஒட்டி அறுபது கெஜம் ஓடி, மூச்சு வாங்கும்போதே கிராஸ் போட்டு, உடனே திரும்பித் தடுக்க வருவதற்குப் பெரிய மைதானம் வேண்டும். வாரம் இரண்டு நாளாவது பதினொரு பேர் ஆட்டம் கிடைக்கும்படி பாருங்கள்.

அதற்கெல்லாம் முன்னால், பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுப் பெயர்ப்பட்டியல் போவதற்குள் நகராட்சிப் பிறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு தலைமையாசிரியரைப் பாருங்கள். மதிப்பெண் சான்றிதழில் அச்சேறிவிட்டால் திருத்துவது பெரும்பாடு. அந்த முப்பத்தைந்தாயிரத்தில் ஒரு நல்ல பூட்ஸும், வெளியூர் ஆட்டங்களுக்குப் பஸ் செலவும், தினம் இரண்டு முட்டையும் போக மிச்சமே இருக்கும்.