பாப் ஏன் போனார் என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, நீங்கள் இரண்டு விஷயம் கேட்டிருந்தீர்கள். சென்னையில் டீம் லீடாக இருந்த உங்களை அமெரிக்காவில் இந்தக் கொலம்பஸ் ஊருக்கு வந்ததும் இன்னொருவருக்குத் துணையாக உட்கார வைத்துவிட்டார்கள், இது எத்தனை நாளைக்கு என்பது ஒன்று. லஞ்ச் நேரத்தில் ஆபீஸ்காரர்கள் ஐஸ் ஹாக்கி பேசும்போது, "பாப்" என்ற ரஷ்யக் கோல்கீப்பர் பணத்துக்காக ஊரை விட்டுப் போனவர் என்று ஒருவர் சொல்ல, இன்னொருவர் சண்டைக்கே வந்துவிட்டார், யார் அவர் என்பது மற்றொன்று. இரண்டாவதை முதலில் சொல்கிறேன். முதல் கேள்விக்கு நான் சொல்ல நினைப்பதில் பாதி அவர் கதையிலேயே வந்துவிடும்.

செர்கெய் பாப்ரோவ்ஸ்கியைத்தான் இங்கே செல்லமாகப் பாப் என்பார்கள். 1988 செப்டம்பரில் நவகுஸ்னெட்ஸ்கில் பிறந்தவர். சைபீரியாவில் நிலக்கரியையும் எஃகையும் நம்பிப் பிழைக்கிற ஊர் அது. அப்பா சுரங்கத் தொழிலாளி, அம்மாவுக்கு எஃகு ஆலையில் வேலை. உள்ளூர் அணியான மெட்டலூர்க்கில்தான் 2010 வரை ஆடினார். அந்த அணி ரஷ்யாவின் மேல்மட்ட லீகில் இருந்தாலும் பெரிதாக எதுவும் ஜெயிக்காது. அப்படிப்பட்ட அணியின் கோல்கீப்பருக்கு ஓய்வு கிடையாது. எதிரணி அடித்துக்கொண்டே இருக்கும், இவர் தடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அமெரிக்க, கனடிய அணிகள் ஆடும் லீக் என்.எச்.எல். வருடத்துக்கு ஒருமுறை உலகம் முழுவதும் தேடி, பதினெட்டு பத்தொன்பது வயதுப் பையன்கள் இருநூறு பேரையாவது பெயர் சொல்லித் தேர்ந்தெடுப்பார்கள். டிராஃப்ட் என்பது அதுதான். பாப்ரோவ்ஸ்கியின் பெயரை எந்த வருடமும் எந்த அணியும் சொல்லவில்லை. 2010 மே மாதம் பிலடெல்பியா ஃப்ளையர்ஸ் அணி டிராஃப்டுக்கு வெளியே தனியாக ஒப்பந்தம் போட்டு அவரை அழைத்துக்கொண்டது. வயது 21. இங்கிலீஷ் ஏறக்குறைய தெரியாது.

இந்த இடத்தில் விளாதிஸ்லாவ் திரெத்யாக்கைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. சோவியத் காலத்தின் மகத்தான கோல்கீப்பர். 1972, 1976, 1984 என மூன்று ஒலிம்பிக் தங்கம். 1983-இல் மாண்ட்ரியால் அணி அவரை டிராஃப்டில் எடுத்தது. சோவியத் அரசு விடவில்லை. அடுத்த வருடம் 32 வயதில் விளையாட்டையே நிறுத்திக்கொண்டார். அழைத்தவர்கள் காத்திருந்தும் அவரால் கிளம்ப முடியவில்லை. பாப்ரோவ்ஸ்கியை அழைக்க வெகுகாலம் ஆளே இல்லை, ஆனால் கிளம்புவதைத் தடுக்க யாரும் இல்லாத காலத்தில் பிறந்திருந்தார். விசா ஸ்டாம்பிங்குக்கு வரிசையில் நின்று வந்த நமக்கு இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

இனி நீங்கள் கவனிக்க வேண்டிய விஷயம். ரஷ்யாவில் அப்போது பெரும்பாலான ரிங்குகள், அதாவது ஆடுகிற பனித் தரைகள், 60 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். இங்கே நீளம் 61, அகலம் 26. நாலு மீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் பக்கவாட்டிலிருந்து அடிப்பவர் அந்த அளவுக்கு உங்களை நெருங்கிவிடுகிறார். அடி சீக்கிரம் வருகிறது, வேறு கோணத்தில் வருகிறது, அடிக்கடி வருகிறது. பெரிய கேரம் போர்டில் கை பழகியவரைச் சின்ன போர்டில் உட்கார வைத்தால் கட்டைப் பழக்கமெல்லாம் ஒரு வாரத்துக்குத் தப்பும் அல்லவா, அதுதான் இதுவும். கோல்கீப்பர் பின்னால் திரும்பிப் பார்க்கவே முடியாது. 6 அடி அகலமும் 4 அடி உயரமும் உள்ள வலை முதுகுக்குப் பின்னால் எங்கே இருக்கிறது என்று உடம்புதான் சொல்ல வேண்டும். புது ரிங்கில் அந்த உடம்புக் கணக்கை முதலிலிருந்து போட வேண்டும். கைவேகம் குறைந்ததாக அர்த்தமில்லை, திறமை போய்விட்டதாகவும் அர்த்தமில்லை. நிற்கிற இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

பாப்ரோவ்ஸ்கி வியக்கும்படி ஆரம்பித்தார். 2010 அக்டோபர் 7, பிட்ஸ்பர்க் அணி தன் புது அரங்கத்தில் ஆடிய முதல் லீக் மேட்ச். அதில் ஃப்ளையர்ஸ் வலையில் நின்று, அறிமுக மேட்சிலேயே 3-2 என்று ஜெயித்தார். அந்த சீசனில் 28 வெற்றி. ஆனால் 2011 பிளேஆஃபில், அதாவது சீசன் முடிவில் முன்னணி அணிகள் மட்டும் கோப்பைக்காக மோதும் சுற்றில், அணி மூன்று கோல்கீப்பர்களை மாற்றி மாற்றி இறக்கித் தடுமாறியது. அது முடிந்ததும் இல்யா ப்ரிஸ்காலோவ் என்ற இன்னொரு ரஷ்யரை 9 வருடம், 5.1 கோடி டாலர் என்று கூட்டிவந்து முன்னால் நிறுத்தினார்கள். பாப்ரோவ்ஸ்கி பேக்கப் ஆனார்.

பேக்கப் கோல்கீப்பரின் வேலை என்ன என்று அரங்கத்துக்குப் போனால்தான் தெரியும். முழுக் கவசமும் போட்டுக்கொண்டு, தலையில் மாஸ்குக்குப் பதில் தொப்பியோடு, பெஞ்ச் ஓரத்தில் உட்கார்ந்திருப்பார். ஆட்கள் மாறும்போது கதவைத் திறந்துவிடுவார். பிராக்டிஸ் முடிந்து முதல் கோல்கீப்பர் குளிக்கப் போன பிறகும் இவர் ஐஸில் நிற்பார். இன்னும் கொஞ்சம் அடித்துப் பழக வேண்டும் என்கிறவர்கள் இவரை நிறுத்தி வைத்துத்தான் அடிப்பார்கள். யாரும் கணக்கில் எழுதாத நூற்றுக்கணக்கான அடிகள். அவர் முன்னேறினது இதனால்தான் என்று என்னால் நிரூபிக்க முடியாது, ஆனால் அந்த ஒரு வருடத்தை வீண் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

2012 ஜூனில் டிராஃப்ட் வாய்ப்புகள் மூன்றுக்கு ஈடாக அவரை நம் கொலம்பஸ் ப்ளூ ஜாக்கெட்ஸுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த வருடம் முப்பது அணிகளில் முப்பதாவது இடம் நம்முடையது. அதற்குள் சம்பளத் தகராறில் லீகே மூடிக்கிடந்தது, சீசன் 2013 ஜனவரியில்தான் தொடங்கியது. 48 மேட்சுக்குச் சுருங்கிய அந்த சீசனில் அவர் செய்ததைப் பார்த்தவர்கள் இன்னும் பேசுகிறார்கள். ஆயிரம் அடி வந்தால் 932-ஐத் தடுக்கும் கணக்கு. ஊருக்குப் பிளேஆஃப் இடம் கடைசியில் மயிரிழையில் போனது. ஆனால் லீகின் சிறந்த கோல்கீப்பருக்கான வெஸினா கோப்பை பாப்ரோவ்ஸ்கிக்கு வந்தது. ஒரு ரஷ்யருக்கு அது கிடைத்தது அதுவே முதல் முறை. பிலடெல்பியா ப்ரிஸ்காலோவோடு போட்ட 9 வருட ஒப்பந்தம் அதே கோடையில், இரண்டே சீசனில், பணம் கொடுத்து முடித்துக்கொள்ளப்பட்டது.

கொலம்பஸில் அவருக்கு அமைந்த கோல்கீப்பிங் கோச் இயன் கிளார்க்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எங்கே நிற்பது, எப்போது முன்னால் வருவது, எப்போது பின்வாங்குவது என்பதையெல்லாம் அணுஅணுவாகப் பார்க்கிறவர். திறமைசாலிக்கும் பக்கத்தில் நின்று கோணம் சரியா என்று பார்த்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். உங்கள் ஆபீஸில் அப்படி ஒருவர் இருக்கிறாரா என்று முதலில் தேடுங்கள். உங்கள் மேனேஜராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை.

2016-17 சீசன் நான் இந்த ஊரில் மிகவும் சந்தோஷமாக இருந்த குளிர்காலம். ப்ளூ ஜாக்கெட்ஸ் தொடர்ந்து 16 மேட்ச் ஜெயித்தது, லீக் சாதனைக்கு ஒன்றே ஒன்று குறைவு. பாப்ரோவ்ஸ்கிக்கு 41 வெற்றி, இரண்டாவது வெஸினா. ஒவ்வொரு வெற்றிக்குப் பிறகும் கேப்டன் நிக் ஃபொலின்யோ வலைக்கு அருகே வருவார். இருவரும் மாஸ்கும் ஹெல்மெட்டும் முட்ட, அசையாமல், நெடுநேரம் கட்டிக்கொண்டு நிற்பார்கள். மற்றவர்கள் பின்னால் வரிசையில் காத்திருப்பார்கள். அதைப் பார்ப்பதற்காகவே மேட்ச் முடிந்தும் யாரும் எழுந்திருக்கமாட்டோம்.

உங்கள் ஆபீஸ் சண்டைக்கு வருகிறேன். 2019 ஜனவரியில், டாம்பா அணியோடு ஆடிய மேட்சின் நடுவில் அவரை வெளியே எடுத்தபோது நடந்த ஏதோ ஒன்றுக்காக அணி அவரை அடுத்த மேட்சிலிருந்து ஒதுக்கி வைத்தது. ஒப்பந்தம் அந்தக் கோடையோடு முடிகிறது, போய்விடுவார் என்று ஊருக்கே தெரியும். ஏப்ரலில் அதே டாம்பாவோடு பிளேஆஃப். ஒரு தொடரில் முதலில் நாலு மேட்ச் ஜெயிக்கிற அணிக்கு வெற்றி. அந்த சீசனில் 62 மேட்ச் ஜெயித்த அணி டாம்பா, சாதனைக்குச் சமம். முதல் மேட்சில் 0-3 என்று பின்தங்கி 4-3 என்று ஜெயித்து, அடுத்த மூன்றையும் ஜெயித்து, 4-0 என்று டாம்பாவை வீட்டுக்கு அனுப்பியது நம் அணி. கொலம்பஸ் ஜெயித்த முதல் பிளேஆஃப் தொடர் அது. போகப்போகிறவர் என்று எல்லோரும் சொன்ன மனிதர்தான் வலையில் நின்றார். ஜூலை 1 அன்று ஃப்ளோரிடா பாந்தர்ஸுடன் 7 வருடம், 7 கோடி டாலர் ஒப்பந்தம்.

என் அபிப்ராயம் கேட்டால், அது துரோகம் இல்லை. கடைசி நாள் வரை முழு வேலை பார்த்துக் கொடுத்துவிட்டு, ஒப்பந்தம் முடிந்த பிறகு கிளம்பினார். வருத்தப்பட ஊருக்கு உரிமை உண்டு, எனக்கும் அன்று தொண்டை அடைத்தது. ஆனால் பிலடெல்பியா அவரை அனுப்பியபோது அதை யாரும் துரோகம் என்று சொல்லவில்லை. அணி அனுப்பினால் வியாபாரம், ஆள் கிளம்பினால் துரோகம் என்பதை நான் ஏற்கமாட்டேன். வேலை மாறலாமா என்று நாளைக்கு நீங்கள் தவிக்கும் நேரம் வரும்போதும் இதைத்தான் சொல்வேன்.

ஃப்ளோரிடாவில் முதல் வருடம் ஆயிரத்துக்குத் தொள்ளாயிரம் தடுக்கும் அளவுக்கு இறங்கினார். வெஸினா வாங்கிய முதல் வருடத்தின் 932-ஐவிட 32 குறைவு என்பது சின்னதாகத் தெரியும், இந்த விளையாட்டில் அது ஒரு அணியின் தலையெழுத்து. இவ்வளவு பணம் எதற்கு என்று ஊரே பேசியது. 2023 பிளேஆஃப் ஆரம்பித்தபோது வலையில் நின்றவர் அலெக்ஸ் லையன். 34 வயது பாப்ரோவ்ஸ்கி மறுபடியும் தொப்பியோடு பெஞ்சில். லையன் தடுமாறியதும் உள்ளே வந்தார். 65 வெற்றியோடு சாதனை படைத்திருந்த பாஸ்டனை 1-3 என்ற நிலையிலிருந்து திரும்பி வந்து ஏழாவது மேட்சில் தோற்கடித்தார்கள். கரோலினாவுடனான முதல் மேட்ச் நாலாவது ஓவர்டைம் வரை இழுத்தது. அதில் அவர் தடுத்தது 63 அடிகளை. இறுதிப் போட்டியில் வேகஸிடம் தோற்றார்கள்.

அடுத்த வருடம் லீகின் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பை. நீங்கள் ஒரே ஒரு வீடியோ பார்ப்பதானால் 2024 ஏப்ரலில் டாம்பாவின் மாட் டும்பா அடித்ததை அவர் தடுத்ததைப் பாருங்கள். வலை திறந்து கிடக்கிறது, பாப்ரோவ்ஸ்கி அடிப்பவருக்கு முதுகைக் காட்டியபடி காற்றில் பாய்ந்து, பின்பக்கமாக நீட்டிய கையால் தடுக்கிறார். வலை எங்கே என்று உடம்புக்குத் தெரிய வேண்டும் என்று மேலே எழுதினேனே, அதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ஜூனில் இறுதித் தொடரில் எட்மண்டனுக்கு எதிராக 3-0 என்று முன்னிலையில் இருந்து மூன்று மேட்ச் வரிசையாகத் தோற்று, ஏழாவது மேட்சை 2-1 என்று ஜெயித்தார்கள். கேப்டன் பார்கோவ் கோப்பையைத் தூக்கிவிட்டு முதலில் கொடுத்தது பாப்ரோவ்ஸ்கி கையில். 2025-இல் மறுபடியும் கோப்பை.

ஒன்று மட்டும் அவர் கையில் இல்லாமல் போனது. 2014-இல் மின்ஸ்கில் ரஷ்யாவுக்காக உலகச் சாம்பியன் பட்டம் வென்றவர். 2022 பிப்ரவரிக்குப் பிறகு ரஷ்ய அணியே சர்வதேசப் போட்டிகளில் இல்லை. தன் வாழ்க்கையின் மிகச் சிறந்த ஆட்டத்தை ஆடிய வருடங்களில் தன் நாட்டின் சட்டையை அவரால் போட முடியவில்லை. போரின் நியாய அநியாயத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை, அந்தத் தடை சரி என்றே நினைக்கிறேன். இருந்தும் வெளிநாட்டில் வாழ்கிறவளாக இந்த இடத்தில் எனக்கு மனம் கனக்கிறது.

உங்கள் முதல் கேள்விக்கு. நான் வந்த புதிதில் என்னையும் கிளையண்டோடு பேசும் போன் கால்களிலிருந்து எடுத்துவிட்டு டாக்குமென்ட் எழுத வைத்தார்கள். பேசுவது வேகமாக இருக்கிறது, புரியவில்லை என்றார்கள். ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அந்த சிஸ்டத்தில் எது எங்கே இருக்கிறது என்று மற்ற யாரையும்விட எனக்கு நன்றாகத் தெரிந்தது அந்தக் காலத்தில்தான். ஆகவே "எத்தனை நாள்" என்பதற்கு ஒன்றிரண்டு வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் முன்னால் இருப்பவருடைய வேலையை முழுதாகக் கற்றுக்கொள்ளுங்கள், மீட்டிங்கில் ஒரு கேள்வியாவது வாய்விட்டுக் கேளுங்கள். இரண்டு வருடம் தாண்டியும் அதே பெஞ்ச் என்றால் எச்-1பியை வேறு கம்பெனிக்கு மாற்றப் பாருங்கள். அதில் தயங்க எதுவும் இல்லை.

ஹாக்கிக்கு நேஷன்வைட் அரீனாவில் வார நாள் மேட்ச் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், டிக்கெட் மலிவாகக் கிடைக்கும். வலைக்குப் பின்னால் மேல் வரிசையில் உட்காருங்கள், கோணம் புரிவது அங்கேதான். முதல் பத்து நிமிடம் பக் என்கிற அந்த ரப்பர் வட்டைத் தேடாமல் கோல்கீப்பரின் கால்களை மட்டும் பாருங்கள். நம் அணி கோல் போட்டால் உள்ளேயே பீரங்கி வெடிப்பார்கள், குழந்தையைக் கூட்டிப் போனால் காதுக்கு ஹெட்ஃபோன் எடுத்துக்கொள்ளுங்கள். ஃப்ளோரிடா அணி இங்கே வரும் நாளாகப் பார்த்துப் போனால், அன்று ஊர்க்காரர்கள் பேசுவதைக் கேட்டு அந்தச் சண்டையில் உங்கள் பக்கத்தை நீங்களே முடிவு செய்யலாம்.