அச்சடித்த பவுச்சுக்கு அவசரம் வேண்டாம்
(சிறுதொழில்: வாசகர் கேள்வி – பதில்)

கேள்வி: மசாலா முந்திரி பாக்கெட் போட்டு கடலூர், நெய்வேலி கடைகளுக்குக் கொடுக்கிறேன். ஆறு வாரத்தில் சிக்கு வாடை வருகிறதென்று திருப்பி அனுப்புகிறார்கள். பவுச்சை மாற்றினால் சரியாகுமா? பல வண்ணத்தில் அச்சடித்த பவுச்சுக்கு ரேட்டும் வாங்கிவிட்டேன்.
– வாசகி, காடாம்புலியூர்

பதில்: அந்த ஆர்டரை முதலில் நிறுத்தி வையுங்கள். ரோட்டோ எனப்படும் உருளை அச்சு முறையில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனி சிலிண்டர் வெட்டுவார்கள். ஃபிலிமும் ரோல் கணக்கில்தான் கிடைக்கும். பிறகு அளவையோ பெயரையோ மாற்றினால் அத்தனையும் பழைய பேப்பர் கடைக்குத்தான். ருசியும் ஆயுளும் நிலைக்கும் வரை வெற்றுப் பவுச், மேலே ஸ்டிக்கர் போதும்.

முந்திரியில் பாதிக்குச் சற்றுக் குறைவாகக் கொழுப்பு. காற்று, வெளிச்சம், சூடு மூன்றும் அதற்கு எதிரி. உங்கள் சரக்கில் சந்தேகப்பட வேண்டியவை இரண்டு: பலமுறை காய்ந்த எண்ணெய், காற்றை உள்ளே விடும் பவுச். எது என்று ஊகிக்காமல் பிரித்துப் பாருங்கள். சுமார் 3 கிலோ பருப்பை நான்கு பங்காக்குங்கள். முதல் பங்கு இப்போது செய்கிறபடியே. இரண்டாவது புது எண்ணெய், அதே பவுச். மூன்றாவது பழைய எண்ணெய், உள்பக்கம் வெள்ளி நிறத்தில் இருக்கும் மெட்டலைஸ்டு பவுச். நான்காவது புது எண்ணெய், மெட்டலைஸ்டு பவுச். ஒவ்வொரு பங்கிலும் 50 கிராமில் 16 பாக்கெட். செலவு மிச்சம் என்று உடைப்பருப்பில் செய்யாதீர்கள். உடைந்த பக்கமெல்லாம் காற்று படும், சீக்கிரம் கெட்டு உங்களை ஏமாற்றிவிடும்.

ஒவ்வொரு பங்கிலும் எட்டு பாக்கெட் அலமாரியில் இருக்கட்டும். மீதி எட்டு, கோழிக்குஞ்சு பொரிக்கும் இன்குபேட்டருக்கு விற்கும் தெர்மோஸ்டாட்டும் பல்பும் வைத்த தெர்மோகோல் பெட்டியில், 40 டிகிரியில். பல்பு வெளிச்சம் படாமல் அட்டை மறைத்துவிடுங்கள். பத்து டிகிரி கூடினால் கெடும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது தோராயக் கணக்கு. பெட்டியில் நான்கு வாரம் என்பது 30 டிகிரி அறையில் எட்டு வாரம் போல. இன்னும் அவசரப்பட்டு 60 டிகிரிக்கு ஏற்றினால் வேறு வகை மாற்றங்கள் நடந்து கணக்கு கெடும். அலமாரி பாக்கெட்தான் கடைசி நீதிபதி.

ஒவ்வொரு பங்கிலும் அலமாரியிலிருந்து ஒன்று, பெட்டியிலிருந்து ஒன்று என வாரந்தோறும் பிரியுங்கள். கத்தரித்த உடனே மூக்கருகே கொண்டுபோங்கள். அந்த முதல் வாடைதான் கணக்கு, அரை நிமிடத்தில் பறந்துவிடும். பிறகு ஒரு பருப்பை இரண்டாகப் பிளந்து உள்முகத்தை முகருங்கள். மேலே மட்டும் வாடை என்றால் பெரும்பாலும் பொரித்த எண்ணெய். உள்ளேயும் இருந்தால் வாங்கிய பருப்பே பழசு. இரண்டாவது பங்கு நன்றாயிருந்து மூன்றாவது கெட்டிருந்தால் பவுச்சுக்குப் பணம் கட்டுவது வீண்.

இன்னும் சில. இரும்புச் சட்டியும் பித்தளைக் கரண்டியும் எண்ணெய் கெடுவதை வேகப்படுத்தும், எவர்சில்வருக்கு மாறுங்கள். சூடாக அடைத்தால் உள்ளே ஆவி வியர்க்கும். ஆற வேண்டும் என்று இரவு முழுக்கத் தட்டில் பரப்பினாலும் கடலோரக் காற்றின் ஈரம் மொறுமொறுப்பைக் கெடுத்துவிடும், ஐப்பசி கார்த்திகையில் கேட்கவே வேண்டாம். ஃபேன் அடியில் ஆறியதும் இறுக்கமான டின்னில் போடுங்கள். கறிவேப்பிலை கையில் நொறுங்கும் வரை காயாமல் பொடித்தால் அந்த ஈரமே போதும், பருப்பு சவசவத்துப்போகும்.

பாக்கெட்டின் வாயை ஒட்டிய சீல் சரியா என்றும் பாருங்கள். பாக்கெட்டை வாளித் தண்ணீருக்குள் அமுக்கினால் குமிழி வரக் கூடாது. வந்தால் பெரும்பாலும் சீல் போடும் இடத்தில் மசாலாத் தூள் ஒட்டியிருக்கும். நீளக் குழல் வைத்த புனலில் நிரப்பினால் அந்தத் தொல்லை தீரும். ஒழுகும் பாக்கெட்டில் காற்றை வெளியேற்ற நைட்ரஜன் அடிப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பது போல.

கடைசியில் ஜெயித்த பங்கை மட்டும் என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் கொடுத்து, கொழுப்பு எவ்வளவு கெட்டிருக்கிறது என்று காட்டும் பெராக்சைடு மதிப்பு பாருங்கள். லேபிளில் ‘முந்திரி உள்ளது’ என்ற ஒவ்வாமைக் குறிப்பு கட்டாயம். பெயரிலேயே முந்திரி இருக்கிறதே என்று பலர் விட்டுவிடுகிறார்கள்.

கேள்வி: கேழ்வரகு பிஸ்கட்டில் வெண்ணெயைக் குறைத்துப் பார்த்தேன். வீட்டில் எல்லோரும் வித்தியாசமே தெரியவில்லை என்கிறார்கள். நம்பலாமா?
– வாசகர், வில்லியனூர்

பதில்: வீட்டார் உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்வார்கள். 24 பேரைப் பிடியுங்கள். ஆளுக்கு மூன்று பிஸ்கட்: இரண்டு ஒரே வகை, ஒன்று மாறியது; எது எந்த வகை என்று உங்களுக்கு மட்டும் தெரிய அடியில் மூன்று இலக்க எண். ‘எது வேறு?’ என்று மட்டும் கேளுங்கள், ‘எது பிடித்தது?’ என்று கேட்காதீர்கள். வைக்கும் வரிசை ஆறு விதம். ஒவ்வொன்றும் நான்கு பேருக்கு வரட்டும். நடுவில் ஒரு வாய் தண்ணீர். குருட்டாம்போக்கில் சொன்னாலே எட்டுப் பேர் சரியாகச் சொல்லக்கூடும். 13 பேரோ அதற்கு மேலோ கண்டுபிடித்தால் வித்தியாசம் தெரிகிறது என்றே கொள்ளுங்கள். அதற்குக் கீழே என்றால் இரண்டும் ஒன்று என்று நிரூபணம் ஆகவில்லை. அடுத்த கட்டத்துக்குப் போகலாம், அவ்வளவுதான்.

விலையையும் இப்போதே பின்னாலிருந்து போட்டுப் பாருங்கள். எம்.ஆர்.பி. 100 ரூபாய், கடைக்காரருக்கு அதில் 20 சதவீதம், விநியோகஸ்தருக்கு மீதியில் 8 சதவீதம், ஜி.எஸ்.டி. 5 சதவீதம் என்று வைத்தால் உங்கள் கைக்கு வருவது சுமார் 70 ரூபாய். மாவு, வெண்ணெய், பவுச், கூலி, வண்டி, திரும்பி வரும் சரக்கு எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும்.

கேள்வி: மீன் செதில் சுரண்டி ஒன்று வடிவமைத்திருக்கிறேன். பிளாஸ்டிக் கைப்பிடிக்கு ஸ்டீல் மோல்டு வெட்ட முன்பணம் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?
– வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: முதலில் 3டி பிரிண்டில் ஐந்து எடுத்து, துறைமுகத்தில் மீன் ஆயும் அக்காக்களிடம் ஒரு வாரம் விடுங்கள். காய்ந்த கையில் நன்றாகப் பிடிபடுவது, மீன் வழுவழுப்பு ஏறிய கையில் நழுவும். அவர்கள் எந்த இடத்தில் பிடிக்கிறார்கள், எங்கே துணி சுற்றிக்கொள்கிறார்கள் என்று பாருங்கள். மாற்ற வேண்டியது அங்கேதான்.

கைப்பிடியைக் கெட்டியாக வார்க்காதீர்கள். தடித்த இடம் மெதுவாக ஆறி உள்வாங்கி, மேலே குழி விழும். சுவர் எங்கும் ஒரே கனமாக 2 முதல் 3 மி.மீ. இருக்கட்டும், உள்ளே பலத்துக்குத் தாங்கு விலா (மெல்லிய குறுக்குச் சுவர்) வைத்தால் அதன் கனம் சுவரில் பாதி. மோல்டிலிருந்து கழல ஒரு டிகிரியாவது சரிவு வேண்டும். சொரசொரப்பு வைத்தால் இன்னும் கூடுதலாக. பிளாஸ்டிக்கை முன்பே முடிவு செய்யுங்கள்: ஒவ்வொன்றும் சுருங்கும் அளவு வேறு, பாலிபுரொப்பிலீனுக்கு வெட்டிய மோல்டில் ஏ.பி.எஸ். என்ற வேறு பிளாஸ்டிக்கை ஊற்றினால் அளவு பிசகும். சுரண்டும் தகட்டுக்கு எவர்சில்வர் ரகத்தையும் பாருங்கள்: உப்புத் தண்ணீருக்கு 202 ரகம் தாங்காது. 304 பரவாயில்லை, 316 நல்லது.

பணத்தைத் தவணையாகக் கொடுங்கள். கடைசித் தவணை, முதல் வார்ப்புகளை நீங்கள் அளந்து பார்த்த பிறகு. மோல்டு உங்களுடையது என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும்.

கேள்வி: புதுச்சேரிப் பொருட்காட்சியில் என் விளக்கு மாடலை வைத்துவிட்டு, வரவேற்பைப் பார்த்து டிசைன் பதிவு செய்யலாமா?
– வாசகி, லாஸ்பேட்டை

பதில்: வரிசையை மாற்றுங்கள். விண்ணப்பிக்கும் முன் வெளியில் காட்டினால் ‘புதியது’ என்ற தகுதி போகக்கூடும். 2000ஆம் ஆண்டு டிசைன்கள் சட்டம் சில பொருட்காட்சிகளுக்கு விலக்கு தருகிறது, ஆனால் முன்கூட்டியே அறிவிப்புக் கொடுத்திருக்க வேண்டும். பதிவு 10 ஆண்டு, மேலும் 5 ஆண்டு நீட்டிக்கலாம். கிடைப்பது தோற்றத்துக்கான பாதுகாப்பு மட்டும். திரியை ஏற்றி இறக்கும் உங்கள் பொறிமுறைக்கு அது உதவாது, அதற்குக் காப்புரிமை தனி.