ரமழான் நோன்பு, தொழில், தூக்கம், தொழுகை: ஹஸரத்திடம் (மார்க்க அறிஞர்) கேள்வி பதில்

புறக்கோட்டை, துணிக்கடை ஊழியர்: ஸலாம் ஹஸரத். தராவீஹ் (ரமழான் இரவுத் தொழுகை) முடிந்து வீட்டுக்கு வர ஒன்பதரை ஆகுது. சாப்பிட்டு, போன் பார்த்துப் படுக்க பன்னிரண்டு. பகல் பதினொரு மணிக்கே கண் சொருகுது. தராவீஹை விடவா?

வஅலைக்குமுஸ்ஸலாம் தம்பி. தராவீஹில் பிழை இல்லை. பத்துக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில்தான் தூக்கம் போகுது. பெரிய சாப்பாட்டை மஃரிப் (சூரியன் மறைந்ததும் வரும் தொழுகை) தொழுத கையோடு, அளவாக முடிச்சிடுங்க. தராவீஹுக்குப் பிறகு தண்ணீரும் ஒரு வாழைப்பழமும் போதும். பத்து மணிக்குப் படுத்து நாலேகாலுக்கு எழும்பினால் ஆறேகால் மணித்தியாலம் கிடைக்கும். லுஹர் (பகல் தொழுகை) தொழுததும் 20 நிமிஷம் கண்ணை மூடுங்க. அரை மணி தாண்டினால் ஆழ்ந்த தூக்கத்தில் இருந்து எழும்பவேண்டி வரும், தலை பாரமாகும். அப்படியும் முடியாத நாளில் இஷாவை (இரவுத் தொழுகை) ஜமாஅத்தோடு (கூட்டாக) தொழுதுவிட்டு, தராவீஹை வீட்டில் தொழுங்க. அதற்கு சுபஹ் (விடியற்காலைத் தொழுகை) வரைக்கும் நேரம் இருக்கு. தராவீஹுக்காக விழித்திருந்து சுபஹைத் தவறவிடுவதுதான் உண்மையான நட்டம்.

மாளிகாவத்தை, மேசன் வேலை: மார்ச் வெயிலில் கொங்கிரீட் போடுற நாளில் தாங்க ஏலாது. அந்த நாளில் நோன்பை விட்டுட்டு பிறகு கழா (விட்ட நோன்பை ஈடாக நோற்பது) செய்யலாமா?

கஷ்டமாக இருக்கும் என்று எதிர்பார்த்து காலையிலேயே விட முடியாது. ஷாஃபி மத்ஹபில் (மார்க்கச் சட்டப் பிரிவு) இதற்குத் தெளிவான வழி இருக்கு: இரவிலேயே நிய்யத் (நோன்பு நோற்கும் எண்ணம்) வையுங்க, ஸஹர் (விடியுமுன் சாப்பாடு) செய்யுங்க, நோன்போடு வேலைக்குப் போங்க. உடம்புக்கு ஆபத்து வரும் என்ற நிலை வந்தால் அப்போது நோன்பைத் திறக்கலாம். ரமழானுக்குப் பிறகு கழா. தலைச்சுற்று, வாந்தி, பேச்சுக் குழறல், கொதிக்கிற உடம்பில் வியர்வை நின்றுபோவது எல்லாம் அந்த நிலையின் அடையாளங்கள். அப்படி வந்தால் யோசிச்சுக்கொண்டு நிற்காமல் நிழலுக்குப் போய்த் தண்ணீர் குடியுங்க.

அந்த நிலை வராமல் பார்ப்பதுதான் கெட்டித்தனம். பாஸிடம் பேசி, தூக்குற வேலையைக் காலை 7 முதல் 11க்குள் முடிச்சு, பகலைக்குப் பிறகு உள்பக்கப் பூச்சு வேலையைக் கேளுங்க. தலையில் தண்ணீர் ஊற்றுவதாலோ கழுத்தில் ஈரத்துணி போடுவதாலோ நோன்பு முறியாது. தவிர்க்க முடியாமல் தொண்டைக்குப் போகிற சீமெந்துத் தூசியாலும் முறியாது. ஸஹரில் ஒரேயடியாக ஒரு லீற்றர் தண்ணீர் குடிப்பதால் பயன் இல்லை, பெரும்பகுதி சிறுநீராகப் போய்விடும். இருதய, சிறுநீரக நோய் இல்லாதவர் என்றால் மஃரிபில் இருந்து ஸஹர் வரை பத்துப் பன்னிரண்டு கிளாஸைப் பிரிச்சுக் குடியுங்க. கருவாடு, ஊறுகாயை ஸஹரில் தொடாதீங்க.

வெள்ளவத்தை, வங்கி ஊழியர்: ஐந்து மணிக்கு வேலை முடிந்து ஓடி வந்து கஞ்சி, சமோசா, ரோல்ஸ். குர்ஆன் ஓத நேரமே இல்லை ஹஸரத்.

மகள், மேசையைச் சுருக்குங்க. கஞ்சி, பேரீச்சம்பழம், ஏதாவது ஒரு பொரியல். நாலு வகைப் பொரியல் நோன்பின் ஷர்த்தும் (நிபந்தனை) இல்லை, சுன்னத்தும் (நபிவழி) இல்லை. வீட்டில் ஆம்பிளைகள் முறைச்சால் இந்தப் பதிலை அவங்களிடம் காட்டுங்க. காய் வெட்டவும் பாத்திரம் கழுவவும் அவங்களுக்கும் கை இருக்கு. ரோல்ஸை ஞாயிற்றுக்கிழமை சுருட்டி ஃப்ரீசரில் வையுங்க. கஞ்சிக்கு இறைச்சியை இஞ்சி, பூடு, ரம்பையோடு அவிச்சு நாளுக்கு ஒரு பொட்டலமாக உறைய விடுங்க. அன்றைக்கு ஒரு கப் அரிசிக்கு ஆறு கப் தண்ணீர் விட்டு பிரஷர் குக்கரில் ஏற்றினால் போதும். தேங்காய்ப்பாலைக் கடைசியில் ஊற்றி, கொதி வருமுன் இறக்குங்க, இல்லையென்றால் திரைஞ்சிடும். உப்பு, புளி பார்க்க நாக்கு நுனியில் வைத்துத் துப்பலாம், விழுங்கக் கூடாது.

குர்ஆன் கணக்கு லேசு. மதீனா முஸ்ஹஃபில் (குர்ஆன் அச்சுப் பிரதி) 604 பக்கம். ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் 4 பக்கம் என்றால் நாளுக்கு 20, முப்பது நாளில் ஏறக்குறைய முடியும். மாதவிடாய் நாட்களில் நோன்பும் தொழுகையும் இல்லை; நோன்பை மட்டும் கழா செய்ய வேண்டும். திக்ருக்கும் (இறை நினைவு) துஆவுக்கும் (பிரார்த்தனை) அந்த நாட்களிலும் தடை இல்லை.

தெமட்டகொடை, திரிவீல் ஓட்டுநர்: மஃரிப் நேரத்தில் டிராபிக்கில் மாட்டினால்?

வண்டியில் மூன்று பேரீச்சம்பழமும் தண்ணீர்ப் போத்தலும் இருக்கட்டும், நேரம் வந்ததும் திறந்திடுங்க. தொழுகையைத்தான் கவனிக்க வேண்டும்: கொழும்பில் மஃரிபுக்கும் இஷாவுக்கும் நடுவில் ஒரு மணித்தியாலம் சொச்சம்தான். டிராபிக்கைக் காரணம் காட்டி ஊருக்குள் இரண்டையும் சேர்த்துத் தொழ முடியாது. காலி வீதியில் என்றால் கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தைப் பள்ளிகளில் எது கிட்டவோ அங்கே நிறுத்துங்க. மாலை நாலு மணிக்கு மேல் கண் இருண்டால் ஓரமாக நிறுத்திக் கொஞ்சம் தூங்குங்க. இன்னொருவரின் உயிரும் உங்கட கையில் இருக்கு.

கொம்பனித்தெரு: முதல் மூன்று நாளும் தலையிடி.

பெரும்பாலும் தேத்தண்ணி, கோப்பி பழக்கம் திடீரென்று நின்றதால் வருவது. ரமழானுக்கு ஒரு கிழமை முன்பே நாளுக்கு ஒரு கோப்பை வீதம் குறைச்சு வாங்க.

கிராண்ட்பாஸ்: வாப்பாவுக்கு சீனி வருத்தம். விரலில் குத்திப் பார்த்தால் நோன்பு முறியுமா நாநா?

முறியாது, பார்க்கத்தான் வேணும். சீனி அளவு 70 mg/dLக்குக் கீழே இறங்கினாலோ 300க்கு மேல் ஏறினாலோ நோன்பைத் திறக்கச் சொல்லுங்க. மருந்தின் அளவையும் நேரத்தையும் ரமழானுக்கு முன்பே டொக்டரிடம் கேட்டு மாற்ற வேண்டும், நீங்களாக மாற்றாதீங்க.

மருதானை, அலுவலக வேலை: நோன்பாளியின் தூக்கமும் இபாதத் (வணக்கம்) என்கிறார்களே. வேலை நேரத்தில் ஓதலாமா, தூங்கலாமா?

அந்த ரிவாயத் (அறிவிப்பு) பலவீனமானது. சம்பளம் வாங்குற நேரம் அமானத் (நம்பி ஒப்படைத்த பொறுப்பு). ஃபர்ழ் (கட்டாயத்) தொழுகைக்கு எழும்புங்க. நஃபிலுக்கும் (உபரித் தொழுகை) ஓதலுக்கும் பகல் இடைவேளை இருக்கு, இல்லையென்றால் மேலதிகாரியிடம் அனுமதி கேளுங்க. லீவு மிச்சம் இருந்தால் ரமழானின் முதல் பத்து நாளில் செலவழிக்காமல் கடைசிப் பத்து நாளுக்கு வையுங்க. லீவே இல்லாதவரும் இஃதிகாஃபை (பள்ளியில் தங்கி வணங்குவது) இழக்கத் தேவையில்லை: ஷாஃபி மத்ஹபில் அதற்கு முழு நாள் வேண்டியதில்லை. இஷாவுக்குப் பள்ளிக்குள் போகும்போது இஃதிகாஃப் நிய்யத் வைத்தால், வெளியே வரும் வரை அந்த நேரம் இஃதிகாஃப்தான்.