மகள் படிப்புக்காக ஓய்வுக்காலப் பணத்தை எடுக்கலாமா?

கேள்வி: மகளுக்கு 9 வயது. நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். கல்லூரிச் செலவுக்கென்று இதுவரை எதுவும் சேர்க்கவில்லை. ஓய்வுக்காலத்துக்குக் கட்டிவரும் பணத்தை நிறுத்திவிட்டு, அவள் படிப்புக்குத் திருப்பிவிடலாமா?

பதில்: வேண்டாம் சகோதரி. அந்தப் பணத்தில் கை வைக்காதீர்கள். படிப்புக்குக் கடன் கிடைக்கும், உதவித்தொகைக்கும் முயலலாம். வயதான காலத்தில் சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் கடன் கொடுப்பார் யார்? அவள் சம்பாதிக்கத் தொடங்கும்போது அந்தப் பாரம் அவள் தலையில்தான் விழும்.

படிப்புக்குத் தனியாக ஒரு தொகை போடுங்கள். சிறியதானாலும் இந்த மாதமே தொடங்குங்கள். ஆண்டுக்கு 8 சதவீதம் வளரும் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 100 போட்டால் 9 வருடத்தில் 15,700 சொச்சம் சேரும். நீங்கள் கட்டியது 10,800தான். 3 வருடம் தள்ளிப்போட்டால், அதே தொகைக்கு மாதம் 170க்கு மேல் கட்ட வேண்டும். கட்டணமும் அப்படியே நிற்காது. வருடம் 8 சதவீதம் ஏறினால் அவள் கல்லூரிக்குப் போகும்போது இரட்டிப்பாகியிருக்கும். அதனால் சம்பளம் உயரும்போதெல்லாம் இந்தத் தொகையையும் உயர்த்துங்கள்.

பங்குச்சந்தை சார்ந்த நிதிகளில் போடுவதாக இருந்தால், கடைசி 3 வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வங்கி வைப்புத்தொகைக்கு மாற்றிவிடுங்கள். கட்டணம் கட்டும் மாதத்தில் சந்தை விழுந்து கிடந்தால் தாங்க முடியாது.

அப்புறம், முதலாண்டுக் கட்டணத்தை மட்டும் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். ஒரு நோட்டில் படிப்பு முடியும்வரை ஆகும் மொத்தச் செலவையும் எழுதுங்கள். விடுதி, சாப்பாடு, புத்தகம், மடிக்கணினி, தேர்வுக் கட்டணம், விடுமுறைக்கு வீட்டுக்கு வந்துபோகும் பயணம். இந்தச் சில்லறைதான் பலரைத் திணறடிக்கிறது.

முழுவதும் சேராவிட்டால் மீதிக்குக் கடன் வாங்குங்கள், தப்பில்லை. ஆனால் படிக்கும் காலத்திலும் வட்டி ஏறிக்கொண்டிருக்கும். 4 வருடப் படிப்புக்கு ஒவ்வொரு வருடத் தொடக்கத்திலும் 25 வீதம் 100 வாங்கினால், 10 சதவீதத் தனிவட்டியில் படிப்பு முடியும்போது 125 ஆகியிருக்கும். அந்த வட்டியை மட்டுமாவது மாதாமாதம் கட்டிவிட்டால் அவள் 100 கடனோடு வெளியே வருவாள்.

மகளுக்கு 14, 15 வயதாகும்போது அந்த நோட்டை அவளிடம் காட்டுங்கள். "எங்களால் இவ்வளவு முடியும்" என்று மறைக்காமல் சொல்லுங்கள். எந்தக் கல்லூரி என்று மனதில் முடிவு கட்டுவதற்கு முன்னால் அவளுக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.