பிடித்த கலைக்காக வேலையை விட்டுவிட்டுத் திரும்பி வந்தவள் சொல்லும் பதில்

பிடித்த கலையோடு வாழ வேண்டுமென்றால் இருக்கிற வேலையை விட்டுத்தான் ஆக வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களைப் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. ஆனாலும் மாதச் சம்பள வேலை ஒன்றில் இருக்கிறீர்கள், களைத்து வீடு திரும்பிய பிறகு கிடைக்கும் ஒரு மணி நேரத்தில் எழுதவோ வரையவோ இசைக்கவோ செய்கிறீர்கள், மற்ற நேரமெல்லாம் அந்த ஒரு மணி நேரத்துக்காகக் காத்திருப்பதாகவே இப்போது உங்களுக்குப் படுகிறது என்று எடுத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். நானும் அப்படிக் காத்திருந்தவள். கணக்குத் தணிக்கை வேலையில் ஒன்பது ஆண்டுகள் இருந்துவிட்டு, குழந்தைகளின் புத்தகங்களுக்குப் படம் வரைவதையே முழுநேரத் தொழிலாகக் கொள்வதற்காக அதை விட்டேன். இரண்டரை ஆண்டுகளுக்குப் பிறகு அரைநாள் வேலை ஒன்றில் சேர்ந்தேன். அதனால் என் பதில், விட வேண்டியதில்லை என்பதுதான். தோற்றவள் தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும் சமாதானம் இது என்று சிலர் நினைக்கக்கூடும். அவர்கள் நடந்ததை முழுவதும் படித்துவிட்டு அந்த முடிவுக்கு வரட்டும்.

அந்த ஒன்பது ஆண்டுகளும் நான் இரவில் வரைந்தது நீர்வண்ணத்தில். நீர்வண்ணத்தில் வெள்ளை என்பது பெரும்பாலும் காகிதத்தின் வெள்ளைதான். எங்கே ஒளி விழ வேண்டுமோ அந்த இடத்தைத் தூரிகை படாமல் காத்துவைக்க வேண்டும். ஆகவே முதல் சொட்டு நிறம் விழுவதற்கு முன்பே படம் முழுவதும் மனத்தில் ஓடியிருக்க வேண்டும். ஈரம் காயும் வரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் ஒரு நிறம் இன்னொன்றுக்குள் ஓடி இரண்டும் கலங்கிப்போகும். இந்த யோசனையும் காத்திருப்பும்தான் எனக்குப் பிடித்திருந்தன என்பதை வேலையை விடும்போது நான் உணரவில்லை. படம் வரைவது பிடிக்கும் என்று மட்டும் நினைத்திருந்தேன். வரைவதில் எது பிடிக்கும் என்று என்னை நானே கேட்டுக்கொள்ளவில்லை.

பதினெட்டு மாதங்களுக்குத் தாங்கும் சேமிப்பைக் கணக்கிட்டு வைத்துக்கொண்டுதான் வெளியே வந்தேன். கணவரின் சம்பளமும் இருந்தது. அதை மறைத்துவிட்டுத் துணிச்சலைப் பற்றிப் பேசுவது நேர்மையாகாது. முதல் ஆறு மாதங்கள் மிகவும் மகிழ்ச்சியாக இருந்தேன். பிறகு வாய்ப்புகள் வரத் தொடங்கின. குழந்தைகளின் படப் புத்தகங்கள் பெரும்பாலும் 32 பக்கங்களில் வருவதற்குக் காரணம், பெரிய தாளில் அச்சிட்டு மடித்துத் தைக்கும்போது பக்கங்கள் எட்டின் மடங்கிலும் பதினாறின் மடங்கிலும் அமைவதுதான். எனக்கு வந்த புத்தகத்தின் 32 பக்கங்களையும் இரண்டு மாதங்களில் முடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. பதினோரு பக்கங்கள் முடிந்த நிலையில், கதையில் வரும் சிறுமியின் உடை மஞ்சளாக இருக்கட்டும் என்று பதிப்பகத்தார் ஒருமுறை சொன்னார்கள். காகிதத்தில் ஊறிவிட்ட நீல வண்ணத்தை மஞ்சளாக்க வழியில்லை. பதினொன்றையும் புதிதாக வரைந்தேன். அடுத்த புத்தகத்திலும் இதே நடந்தபோது கணினித் திரையில் வரைவதற்கு மாறினேன். கணினியில் வரைவதை நான் குறைத்துச் சொல்லவில்லை, அதில் உயர்ந்த கலைஞர்கள் இருக்கிறார்கள். ஆனால் நான் அங்கே போனது அந்தக் கருவியின் மீது கொண்ட விருப்பத்தால் அல்ல, திருத்தங்களுக்குப் பயந்து.

ஒரு நாள் எதையோ தேடி மேசை இழுப்பறையைத் திறந்தபோது, வண்ணக் கட்டிகள் காய்ந்து வெடித்துக் கிடப்பதைக் கண்டேன். பதினான்கு மாதங்களாக எனக்காக ஒரு படம்கூட நான் வரைந்திருக்கவில்லை. அன்று அழுதேன் என்பதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. தணிக்கை வேலையில் இருந்த ஆண்டுகளில், மிகக் களைத்த வாரத்தில்கூட இரண்டு இரவுகளாவது தூரிகையைத் தொட்டிருப்பேன்.

இது எனக்கு மட்டும் நேர்ந்த குறை என்று வெகுநாள் நினைத்திருந்தேன். மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகிய மூன்று உளவியலாளர்கள் 1973இல் வெளியிட்ட ஆய்வைப் பின்னர்தான் படித்தேன். அவர்கள் மழலையர் பள்ளி ஒன்றில், தானாகவே விரும்பிப் படம் வரையும் குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். வரைந்தால் சான்றிதழ் கிடைக்கும் என்று ஒரு பிரிவினருக்கு முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு பிரிவினருக்கு வரைந்து முடித்த பிறகு எதிர்பாராமல் கொடுத்தார்கள். மூன்றாம் பிரிவினருக்கு எதுவுமில்லை. ஒன்றிரண்டு வாரங்கள் கழித்து அவர்களை விருப்பம்போல் விளையாட விட்டபோது, பரிசை எதிர்பார்த்து வரைந்த குழந்தைகள் வரைவதில் செலவிட்ட நேரம் மற்ற இரு பிரிவினரின் நேரத்தில் ஏறக்குறையப் பாதியாகத்தான் இருந்தது. எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களுக்கு ஆர்வம் குறையவில்லை. குழந்தைகளிடம் கண்டதைப் பெரியவர்களுக்கு அப்படியே பொருத்தக் கூடாது என்று யாரேனும் சொன்னால் ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் வெடித்த அந்த வண்ணக் கட்டிகளைக் கண்ட எனக்கு இதில் என் கதையும் இருப்பதாகவே பட்டது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் மேலே போக முடியவில்லை. நான் மிகவும் உழைத்து முடித்த ஒரு புத்தகம் அச்சாகி வந்தபோது அட்டையிலும் உள்ளேயும் என் பெயர் இல்லை. பணம் ஏழு மாதங்கள் கழித்து வந்தது. கேட்டபோது, “உங்களுக்குப் பிடித்ததைத்தானே செய்கிறீர்கள்” என்றார்கள். தணிக்கை வேலையில் இருந்த ஒன்பது ஆண்டுகளில் சம்பளம் ஒரு நாள் தாமதமானபோதுகூட என்னிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. பிடித்து ஒருவர் செய்கிறார் என்பதாலேயே அந்த உழைப்புக்குக் கூலி குறைவாக இருக்கலாம், தாமதமாகலாம், வராமலும் போகலாம் என்ற எண்ணம் எங்கிருந்து வந்ததோ, அது நல்ல எண்ணம் கொண்டவர்களிடமும் இருக்கிறது. அந்த நிலையில் இருப்பவரால் அடுத்த மாதச் செலவை நினைத்து இதைத் தட்டிக்கேட்கவும் முடிவதில்லை. நானும் கேட்டுவிட்டு, அந்தப் பதிலைக் கேட்டபின் பேசாமல்தான் இருந்தேன்.

வேலையில் இருந்துகொண்டு கலை வளர்ப்பது ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்பார்கள். அப்படிச் சொல்பவர்கள் பங்குச் சந்தை வேலையை உதறிவிட்டு ஓவியரான பால் கோகெனைக் காட்டுவார்கள். கோகென் வேலையில் இருந்தபோதே ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் வரைந்துகொண்டிருந்தவர். 1879 முதல் இம்ப்ரெஷனிச ஓவியர்களின் கண்காட்சிகளில் பங்கேற்றவர். 1882இல் பங்குச் சந்தை சரிந்த பிறகுதான் முழுநேர ஓவியரானார். பிள்ளைகள் ஐந்து பேரைக் காப்பாற்ற அவருடைய மனைவி மெட்டே பிரெஞ்சு கற்பித்துச் சம்பாதிக்க வேண்டியிருந்தது. துணிச்சலைப் போற்றும் கதைகளில் மெட்டே வருவதே இல்லை.

எனக்கு நெருக்கமானவர் எழுத்தாளர் ஃபிரான்ஸ் காஃப்கா. முதலில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் சேர்ந்த அவர், அங்கே வேலை நேரம் நீண்டு எழுத முடியாமல் போனதால் ஓராண்டுக்குள் விலகினார். ஆனால் அவர் விலகிப் போனது இன்னொரு வேலைக்கு. 1908இல் அவர் சேர்ந்த தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு அலுவலகத்தில் பிற்பகல் இரண்டு மணியோடு பணி முடிந்துவிடும். 1922இல் உடல்நலம் கெட்டு ஓய்வு பெறும் வரை அங்கேயே இருந்தார். அந்த வேலையும் அவரை வருத்தியது, நாள்குறிப்புகளில் புலம்பியிருக்கிறார். எனினும் வேலையை மாற்றலாம் என்று அவர் கண்டதைப் போல நான் காணவில்லை. வைத்திருப்பது, விட்டுவிடுவது என்று எனக்கு இரண்டே வழிகள்தான் தெரிந்தன. இசையமைப்பாளர் பிலிப் கிளாஸ் 1976இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓப்ரா அரங்கில் தன் படைப்பு அரங்கேறிய பிறகும் டாக்சி ஓட்டினார். அவரை யாரும் அரைகுறைக் கலைஞர் என்று சொல்வதில்லை.

எல்லோருக்கும் இது பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. நடனத்துக்கும் கருவியிசைக்கும் உடலைப் பழக்க முழு நாளும் தேவைப்படலாம். அவற்றைப் பற்றிப் பேச எனக்குத் தகுதியில்லை. நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரத்தை விழுங்கும் வேலையில் நீங்கள் இருந்தால், அதை விடுவதுதான் நல்லது. ஆனால் அதைவிடச் சிறிய, நேரத்தோடு முடிகிற வேறொரு வேலையைக் கையில் வைத்துக்கொண்டு விடுங்கள்.

நான் இப்போது நண்பகலுக்குப் பிறகு நான்கு மணி நேரம் கணக்கு எழுதுகிறேன். காலை ஐந்து மணி முதல் எட்டு மணி வரை மேசையில் இருக்கிறேன். யாரும் கேட்காத ஒரு படப் புத்தகத்தை மூன்றாவது ஆண்டாக வரைந்துவருகிறேன். 32 பக்கங்களில் பத்தொன்பது முடிந்திருக்கின்றன. ஏழாம் பக்கத்தில் ஒரு குளம் வருகிறது. நீரின் மேல் விழும் ஒளிக்காக விட்டுவைத்த வெண்மை போதவில்லை என்று தோன்றியதால், இந்த வாரம் அதை நான்காம் முறையாகத் தொடங்கியிருக்கிறேன்.