வெளிநாட்டு நோட்டும் நோய்க்காலமும்: அண்ணாச்சியிடம் கேட்டவை

கொரோனா காலத்துல வங்கிகள் வெளிநாட்டு நோட்டு மாத்துறதை நிறுத்தி வச்சதைப் பத்தி இன்னும் நம்ம பக்கத்துல சந்தேகம் தீரலை. வங்கியில் அந்நியச் செலாவணி கவுண்டரில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பாளையங்கோட்டை அண்ணாச்சி, கேட்டவங்களுக்கு எல்லாம் சொன்ன பதில்கள் இவை.

கடையநல்லூர்: அண்ணாச்சி, 2020 மே மாசம், வெளிநாட்டுல மாட்டிக்கிட்டவங்களைக் கூட்டிவர அரசாங்கம் விட்ட வந்தே பாரத் விமானத்துல துபாயிலிருந்து வந்தேன். தனிமைப்படுத்தல் முடிஞ்சு, கையிலிருந்த திர்ஹத்தை எடுத்துக்கிட்டு கணக்கு இருக்கிற வங்கிக்குப் போனா, "நோட்டு இப்போ வாங்கதில்ல"ன்னுட்டாங்க. அதே வாரம் என் தம்பி அங்கேயிருந்து அனுப்பின பணம் மட்டும் கணக்குல ஏறிட்டு. ரெண்டும் துபாய்ப் பணம்தானே? நோட்டுல கிருமி இருக்கும்னு பயந்தாங்களா?

பயம் இருந்துது, இல்லைங்கல. ஆனா கவுண்டரை மூட வச்சது கிருமி இல்ல தம்பி, விமானம் நின்னதுதான்.

உங்க தம்பி அனுப்பினது நோட்டே கிடையாது. அவர் அங்கன உள்ள எக்ஸ்சேஞ்சில திர்ஹத்தைக் கட்டினார். நம்ம வங்கிக்கு வெளிநாட்டு வங்கியில ஒரு கணக்கு உண்டு. அதுல தொகை ஏறிச்சு. இங்கன உங்க கணக்குல ரூபாயை வரவு வச்சாங்க. ஒரு துண்டுக் காகிதம்கூட கடல் தாண்டலை. நீங்க நீட்டினதுதான் காகிதம். அதை வாங்கி வங்கி என்ன செய்யும்? திர்ஹம் கொடுத்து ஜங்ஷன்ல டீ குடிக்க முடியாது. வங்கிக்கு ரெண்டே வழிதான். வெளிநாடு போறவங்களுக்கு அதே நோட்டை விக்கணும். இல்லைன்னா கட்டுக் கட்டாச் சேத்து பெருநகரக் கிளைக்கு அனுப்பி, அங்கேயிருந்து விமானத்துல துபாய், ஹாங்காங், லண்டன் மாதிரி ஊருக்கு ஏத்திவிட்டு, அங்க உள்ள கணக்குல வரவு வாங்கணும்.

2020 மார்ச் 22-லிருந்து வெளிநாட்டுப் பயணிகள் விமானம் இங்க இறங்கக் கூடாதுன்னு ஆச்சு. வழக்கமான வெளிநாட்டுச் சேவை திரும்ப வந்தது 2022 மார்ச் 27-லதான். நடுவுல ஓடினதெல்லாம் சிறப்பு விமானங்கள். வெளியே போற ஆள் இல்லாததால இங்க வித்துத் தீக்க முடியலை. ஏத்தி அனுப்பவும் வழி இல்லை. நயினார்குளம் மார்க்கெட்ல கேரளாவுக்கு லாரி போகாத அன்னைக்கு கமிஷன் கடைக்காரர் வாழைத்தாரை எடுப்பாரா? நோட்டும் சரக்குதான். பெட்டியில கிடக்கிற வரைக்கும் வட்டி கிடையாது, விலை இறங்குனா நட்டம் வங்கிக்கு, காப்பீடும் ஒரு அளவு வரைக்கும்தான். ஒவ்வொரு கிளையும் எவ்வளவு நோட்டு கையில வச்சிருக்கலாம்னு ஒரு உச்சவரம்பு வேற உண்டு. அது நிரம்பிட்டுன்னா மேனேஜரே நினைச்சாலும் வாங்க முடியாது.

ஆள் பற்றாக்குறையும் சேந்துக்கிட்டு. ஊரடங்குல வங்கி காலை 10-லிருந்து 2 வரைக்கும். பாதிப் பேர்தான் வேலையில. பணம் கட்ட, எடுக்க, அனுப்ப, அரசாங்க உதவித்தொகை கொடுக்க, இதுக்கே வரிசை தெருவுல நின்னுது. வெளிநாட்டு நோட்டு பாக்குறது லேசான வேலையும் இல்ல. ஒவ்வொரு தாளையும் ஊதா விளக்குல காட்டணும், வெளிச்சத்துல தூக்கிப் பாத்து நீர்க்குறி தேடணும், பெருவிரலால தடவி அச்சு மேடு தட்டுதான்னு பாக்கணும், ஓரம் கிழிஞ்சிருக்கா, பேனாவுல யாரும் கிறுக்கி வச்சிருக்காங்களான்னு பாக்கணும். வாடிக்கையாளர் எதுக்க நின்னு எண்ணிக்கிட்டே இருப்பார். விரல் நனைக்க மேசையில ஒரு ஸ்பாஞ்சு கிண்ணம் இருக்குமே, அந்த வருஷம் முதல்ல காணாமப் போனது அதுதான்.

பேட்டை: ரூபாய் கொடுக்கிறது வங்கியோட கடமைதானே? நோட்டை வாங்க மாட்டேன்னு சொன்னா புகார் பண்ண முடியாதா?

வெளிநாட்டு நோட்டை எல்லாக் கிளையும் வாங்கணும்னு எந்தச் சட்டமும் இல்ல. ரிசர்வ் வங்கி அனுமதி கொடுத்த கிளைகள் வாங்கலாம், அவ்வளவுதான். எந்த நாட்டு நோட்டை வாங்கணும், எப்ப நிறுத்தணும்ங்கிறது அவங்க வணிக முடிவு. ரிசர்வ் வங்கி 2021 நவம்பர்ல ஒருங்கிணைந்த குறைதீர்ப்புத் திட்டம் ஒண்ணு கொண்டுவந்தது. அதுல வணிக முடிவு சம்பந்தமான புகாரை எடுக்க மாட்டாங்க. நோட்டை வாங்கிக்கிட்டு ரசீது தராம, இல்ல சொன்ன விலைக்குக் குறைச்சு வரவு வச்சா, அது வேற கதை. முதல்ல வங்கிக்கு எழுத்துல கொடுங்க. 30 நாள்ல பதில் வரலைன்னா மேல போங்க.

மேலப்பாளையம்: எங்க வாப்பாவும் உம்மாவும் மக்காவுக்கு உம்ரா போக சவூதி ரியால் வாங்கி வச்சிருந்தாங்க. 2020 பிப்ரவரி 27-ல சவூதி உம்ரா விசாவை நிறுத்திட்டு. ரியாலைத் திருப்பிக் கொடுக்கப் போனா, வாங்கின விலையைவிடக் குறைச்சுத்தான் தருவேன்னாங்க. பயணம் நின்னது எங்க தப்பா?

உங்க தப்பு இல்ல, ஆனா வங்கியும் அதைக் கணக்குல எடுக்காது. பலகையில விலை பல விதமா எழுதியிருக்கும். அனுப்புற பணத்துக்கு ஒரு விலை, நோட்டுக்கு ஒரு விலை. அதுலயும் வங்கி வாங்குற விலை வேற, விக்கிற விலை வேற. நோட்டுக்குத்தான் ரெண்டுக்கும் நடுவுல இடைவெளி பெருசு. ஏத்துக்கூலி, காப்பீடு, கள்ள நோட்டு ஆபத்து எல்லாம் அந்த இடைவெளிக்குள்ளதான் இருக்கு. வாங்கின மறுநாளே திருப்பிக் கொடுத்தாலும் நட்டம்தான்.

ஒண்ணு கவனிச்சியளா? சவூதி ரியால் டாலரோட கட்டிப்போட்ட காசு. ஒரு டாலருக்கு 3.75 ரியால், பல வருஷமா மாறலை. திர்ஹமும் அப்படித்தான், 3.6725. அதனால ரியாலோட ரூபாய் விலையை சவூதி தீர்மானிக்கலை. டாலருக்கு எதிரா நம்ம ரூபாய் ஏறுதா இறங்குதாங்கிறதுதான் தீர்மானிக்குது. 2020 தொடக்கத்துல டாலர் 71 ரூபாய் பக்கம் இருந்துது, ஏப்ரல்ல 76-ஐத் தாண்டிட்டு. 71-ஐ 3.75-ஆல வகுத்தா 18.93. 76-ஐ வகுத்தா 20.27. பதறி பிப்ரவரியிலயே கொடுத்தவங்களைவிட, நோட்டு மாத்த வழி இல்லாம சும்மா வச்சிருந்தவங்களுக்குப் பாதி நட்டமாவது ஈடாச்சு. அது யாரும் கணக்குப் போட்டுச் செஞ்சதில்ல. எப்பவும் அப்படியே நடக்கும்னு நம்பி வச்சிக்கிட்டு இருக்கவும் கூடாது, கெடு ஒண்ணு இருக்கு. அடுத்த பதில்ல சொல்லுதேன்.

உவரி: கப்பல்ல வேலை. இறங்கி வரும்போது சம்பளத்துல ஒரு பகுதியை டாலராக் கையில கொடுப்பாங்க. இதை எவ்வளவு நாள் வீட்டுல வச்சிருக்கலாம்? நோய், ஊரடங்குன்னு வந்தா என்ன செய்ய?

இந்தியாவுல குடியிருக்கிறவர்னு சட்டம் கருதுற ஆளா இருந்தா, ஊர் திரும்பின தேதியிலிருந்து 180 நாளுக்குள்ள வங்கியிலோ உரிமம் பெற்ற பணமாற்றுக்காரர்கிட்டயோ ஒப்படைக்கணும். முறையா வந்த பணத்துல 2,000 டாலர் மதிப்பு வரைக்கும் நோட்டாவே கையில வச்சிக்கிடலாம், அதுக்குக் கெடு இல்ல. பயணத்துக்குன்னு வாங்கிச் செலவழிக்காமப் போனதுக்கும் வாங்கின தேதியிலிருந்து இதே 180 நாள்தான்; மேலப்பாளையம்காரர் இதைக் குறிச்சுக்கிடணும்.

ஆனா வருஷத்துல பெரும்பகுதி கப்பல்லயே கிடக்கிறவர் பொதுவா வெளிநாடுவாழ் இந்தியர் கணக்குலதான் வருவார். உங்களுக்கு என்ஆர்இ கணக்கு, அதாவது வெளிநாடுவாழ் இந்தியருக்கான ரூபாய்க் கணக்கு இருந்தா, லீவுல வரும்போது டாலர் நோட்டை அதுலயே கட்டலாம். கையில 5,000 டாலருக்கு மேல நோட்டு இருந்தா விமான நிலையத்துல சுங்கத்துல அறிவிப்புப் படிவம் கொடுத்து முத்திரை வாங்கணும். வரிசை நீளம்னு இதை விட்டுட்டு வாறவங்கதான் பின்னாடி கவுண்டர்ல மாட்டுவாங்க. அந்தத் தாள் இல்லாம பெரிய தொகையை நாங்க தொடவே மாட்டோம்.

நோய்க்காலத்துல மறுத்துட்டாங்கன்னா, சும்மா திரும்பி வராதீங்க. இன்ன தேதியில இவ்வளவு நோட்டு கொண்டுவந்தேன், வாங்கலைன்னு ஒரு கடிதம் கொடுத்து, நகல்ல வங்கி முத்திரை வாங்கி பாஸ்போர்ட்டோட வச்சிக்கிடுங்க. பின்னாடி கெடுவைப் பத்தி யாரும் கேட்டா காட்ட ஒரு தாளாவது கையில இருக்கும்.

திருநெல்வேலி டவுன்: நோட்டு வழியா நோய் பரவவே பரவாதா, அண்ணாச்சி? மழுப்பாமச் சொல்லுங்க.

2020 பிப்ரவரியில சீன மத்திய வங்கி, ஆஸ்பத்திரி, சந்தை மாதிரி இடத்துலருந்து வந்த நோட்டைக் கிருமிநீக்கம் பண்ணி 14 நாள் ஒதுக்கி வச்சுது. மத்ததை 7 நாள். அமெரிக்காவுல ஆசியாவிலிருந்து திரும்பின டாலரை 7-லிருந்து 10 நாள் தனியா வச்ச பிறகுதான் வெளியே விட்டாங்க. ஹாங்காங் ஆய்வுக்கூடத்துல நோட்டு மேல வைரஸைத் தடவிப் பாத்தாங்க. 4-ஆம் நாள் உயிரோட இல்ல. அதுவும் ஆய்வுக்கூடத்துல தடவுற அளவு சாதாரணமா ஒரு நோட்டுல இருக்காது. அந்த நோய் பரவினது பெரும்பாலும் மூச்சுக்காத்துல. நோட்டைத் தொட்டா கையைக் கழுவிட்டு மூஞ்சியைத் தொடுங்க, அது போதும்.

தயவுசெஞ்சு நோட்டைக் கழுவாதீங்க. தென்கொரியாவுல 2020-ல ஒருத்தர், வீட்டுத் துக்கத்துக்கு வந்த மொய்ப்பணத்தை வாஷிங் மெஷின்ல போட்டுட்டார். மத்திய வங்கியில கொண்டுபோய் நின்னப்போ பல நோட்டுக்குப் பாதி மதிப்புதான் கிடைச்சுது. மைக்ரோவேவ்ல சூடு பண்ணிக் கருக்கினவங்களும் உண்டு, நோட்டுக்குள்ள ஓடுற உலோக இழை தீப்பிடிச்சிரும். அவங்களுக்காவது அவங்க நாட்டு மத்திய வங்கி இருந்துது. கருகின திர்ஹத்தை இங்க எந்த வங்கியும் வாங்காது. மலேசிய 1, 5 ரிங்கிட், சிங்கப்பூர் 2, 5, 10 டாலர் நோட்டெல்லாம் பிளாஸ்டிக். இஸ்திரிப் பெட்டி வச்சா சுருண்டிரும்.

ஏர்வாடி: வீட்டுக்காரர் தோஹாவுல இருக்கார். கொரோனா நேரத்துல கொண்டுவந்த கத்தார் 500 ரியால் நோட்டு கொஞ்சம் பீரோவுல தங்கிட்டு. இப்போ கொண்டுபோனா "பழசு, வேண்டாம்"ங்காங்க.

தங்கச்சி, அவுக சொல்றது சரிதான். கத்தார் 2020 டிசம்பர்ல புது வரிசை நோட்டு விட்டுது. பழைய வரிசை 2021 முடிவோட செல்லாமப் போச்சு. நம்ம ஊர்ல மாத்த வழியில்லாம பீரோவுல தூங்கின நேரத்துலயே அது காலாவதி ஆயிட்டு. ஆனா காசு முழுசாப் போகலை, கத்தார் மத்திய வங்கியில 10 வருஷம் வரைக்கும் மாத்திக்கிடலாம்னு வச்சிருக்காங்க. வீட்டுக்காரர் அடுத்த தடவை போகும்போது அவரே கொண்டுபோகட்டும். கமிஷனுக்கு மாத்தித் தாறேன்னு வாற ஆள்கிட்ட கொடுத்திராதீங்க.

ஜங்ஷன்: எங்க தெருவுல ஒரு கடைக்காரர் வங்கி விலையைவிட 30 பைசா கூடப் போட்டு ரியால் வாங்குதார். ஊரடங்குலயும் வாங்கினார். என்ன தப்பு?

அவர்கிட்ட உரிமம் இருக்கா? ரிசர்வ் வங்கி உரிமம் சுவர்ல மாட்டியிருக்கணும், விலைப்பலகை இருக்கணும், ரசீது தரணும். இது இல்லைன்னா அது உண்டியல் வியாபாரம், அதாவது உரிமம் இல்லாத கள்ளப் பணமாற்று. சட்டப்படி வித்தவரும் மாட்டுவார், வாங்கினவரும் மாட்டுவார். தொகையைப் போல மூணு மடங்கு வரைக்கும் அபராதம் போடலாம். 30 பைசாவுக்கு இது தேவையா வே?

பாளையங்கோட்டை: மகள் வெளிநாட்டுக்குப் படிக்கப் போறா. இன்னொரு தடவை நோய், விமான நிறுத்தம்னு வந்தா கையில நோட்டு இல்லாம மாட்டிக்கிடுவாளோன்னு பயமா இருக்கு.

நோட்டை நம்பாதீங்க, அதுதான் முதல்ல நிக்கும். பெரும்பாலான நாடுகளுக்கு ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் மதிப்பு வரைக்கும்தான் நோட்டாத் தருவோம். அதுல 500, 600 போதும். மிச்சத்தைப் பயண கார்டுல ஏத்துங்க, அதை இங்கேயிருந்தே நிரப்பலாம். போய் இறங்கினதும் அங்க ஒரு வங்கிக் கணக்கு திறந்திரணும். பிறகு என்ன மூடினாலும் கணக்குக்குக் கணக்கு பணம் போகும், 2020-லயும் போச்சு. நோட்டு வாங்க வரும்போது 50,000 ரூபாய்க்கு மேல ரொக்கமாக் கொண்டுவராதீங்க, கணக்கிலிருந்துதான் கொடுக்கணும்.

வள்ளியூர்: கேரளாவுல நிபான்னு செய்தி வந்தாலே வயித்தைக் கலக்குது. நாங்க இறங்குறது திருவனந்தபுரத்துலதான். நோட்டை அங்கேயே மாத்திரணுமா?

2018-லயும் 2023-லயும் கோழிக்கோட்டுல நிபா வந்துது. அதுக்காக விமானப் போக்குவரத்தை நிறுத்தலை. நிபா கொரோனா மாதிரி ஊர் ஊராப் பரவுற வேகம் உள்ளதில்ல. விமானம் பறக்கிற வரைக்கும் நோட்டு கவுண்டரும் இருக்கும்.

விமான நிலையத்துல விலை எப்பவும் கம்மி. டாக்சிக்கும் களியக்காவிளை தாண்டி ஒரு சாப்பாட்டுக்கும் தேவையானதை மட்டும் மாத்துங்க, மிச்சத்தை ஊர்ல வந்து ரெண்டு இடத்துல விலை கேட்டுட்டுக் கொடுங்க. அதைவிட நல்லது, கிளம்புறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே சம்பளத்தை அங்கேயிருந்து கணக்குக்கு அனுப்பிருங்க. நோட்டு விலையைவிட அந்த விலை எப்பவும் ஒரு படி மேல.

பத்தமடை: சில்லறைக் காசு ஒரு டப்பா நிறைய இருக்கு. அதை எந்த வங்கி வாங்கும்?

ஒண்ணும் வாங்காது. அதை விமானத்துல ஏத்துற கூலி காசோட மதிப்பைவிடக் கூட. ஆனா நாணயம் எவ்வளவு வேணும்னாலும் வச்சிக்கிடலாம், சட்டத்துல அதுக்கு வரம்பு இல்ல. திரும்பப் போற ஆள் யாரும் இருந்தா கொடுத்துவிடுங்க, அங்க இறங்கினதும் பஸ்ஸுக்கு ஆகும்.